மக்காத நார்த்தூளை மக்கவைப்பவை

பொள்ளாச்சிப் பக்கம் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். நார் மில்களுக்குப் பின்னால் செம்பழுப்பு நிறத்தில் குன்று குன்றாகக் குவிந்து கிடக்கும் நார்த்தூள். தேங்காய் மட்டையை அடித்து நாரைப் பிரிக்கும்போது உதிர்வது அது. எடைக்கு எடை பார்த்தால் நாரைவிட இந்தத் தூள்தான் அதிகம். ஒரு காலத்தில் யாராவது வண்டி கொண்டுவந்து அள்ளிப்போனால் போதும் என்று சும்மா கொடுத்தார்கள். இப்போது கழுவிக் காயவைத்துக் கட்டியாக அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள், வெளிநாட்டுப் பசுமைக்குடில்களில் தக்காளியும் ஸ்ட்ராபெர்ரியும் அதில்தான் வளர்கின்றன. அவர்களுக்கு அது பிடிப்பதற்குக் காரணம், தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரத்தில் மக்கிப் போகாது.

எங்கள் ஊர்த் தோட்டக்காரர்கள் வேண்டாம் என்று ஒதுக்குவதும் அந்த இரண்டாவது காரணத்துக்காகவே. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் நார்த்தூளை உரமாக்கலாமே என்று பேச்சை எடுத்தபோது, "அது எங்கீங்க தம்பி மக்குது? எங்கப்பன் காலத்துல வாய்க்கா ஓரமாக் கொட்டுனது இன்னைக்கும் அப்படியேதான் கெடக்குது" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, நானும் அந்த இடத்தைப் பார்த்திருக்கிறேன். மண்வெட்டியால் வெட்டினால் உள்ளே நேற்று மில்லிலிருந்து வந்ததுபோல இருக்கும்.

ஆனால் அதிலிருந்து "நார்த்தூள் மக்காது" என்ற முடிவுக்குப் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதை உடைத்துத் தின்னத் தெரிந்த உயிர்கள் மண்ணில் நிறைய இருக்கின்றன. அவை வேலை செய்யக் காற்று வேண்டும், ஈரம் வேண்டும், கொஞ்சம் நைட்ரஜன் வேண்டும். வாய்க்கால் ஓரத்தில் கொட்டிய குவியலில் இந்த மூன்றும் ஒன்றாக ஒரு நாளும் சேர்ந்ததில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த "அவ்வளவுதான்"-க்குள் இருக்கிற வேதியியல் எனக்கு வருஷக்கணக்காக ஆச்சரியம் தீராத ஒன்று, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் தாவரம் எதனால் ஆனது என்று பார்த்துவிடலாம். நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியில் இருக்கும் மாவுச்சத்தும் வைக்கோலில் இருக்கும் செல்லுலோஸும் ஒரே பொருளால் ஆனவை, இரண்டுமே குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த நீளச் சங்கிலிகள். இணைகிற விதத்தில்தான் வித்தியாசம். மாவுச்சத்தில் எல்லாக் குளுக்கோஸும் ஒரே பக்கம் பார்த்து இணைவதால் சங்கிலி சுருண்டுகொள்கிறது, இடையில் தண்ணீர் புகுகிறது, நம் எச்சிலில் இருக்கும் நொதியே அதை அறுத்துவிடுகிறது. செல்லுலோஸில் ஒன்று நேராக, அடுத்தது தலைகீழாக, மறுபடி நேராக என்று மாறி மாறி இணைகின்றன. அதனால் சங்கிலி சுருளாமல் நேராக நிற்கிறது. நேரான சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிப் படிகம்போல இறுகிவிடுகின்றன. சோறு செரிக்கிற நமக்கு வைக்கோல் செரிக்காததற்கு அந்தத் திரும்பல்தான் முக்கியக் காரணம்.

எவ்வளவு உறுதி என்றால், நொதி எதுவும் இல்லாமல், சாதாரண வெப்பநிலையில் தண்ணீர் மட்டும் இருந்தால், அந்தப் பிணைப்புகளில் பாதி தானாக அறுபடுவதற்கு ஏறக்குறைய 50 லட்சம் ஆண்டு ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பருத்தித் துணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ்தான். அந்தத் துணியை ஈர மண்ணில் புதைத்துவிட்டு ஒரு பருவம் கழித்துத் தோண்டிப் பாருங்கள். பழைய பனியன் ஒன்றைக் கிணற்றடி வாழைக்கட்டைக்குப் பக்கத்தில் புதைத்துப் பார்த்தேன். தோண்டியபோது துணி இருந்த இடத்தில் கருப்பாக நாலைந்து கிழிசல்களும், பாலியஸ்டர் நூலில் போட்ட தையலும், கழுத்துப் பட்டையில் இருந்த லேபிளும் மட்டும் கையில் வந்தன. தையல் நூல் பனியனின் வடிவத்திலேயே, தோள் தோளாக, கை கையாக, மண்ணுக்குள் கிடந்தது. 50 லட்சம் ஆண்டு வேலையை மண்ணில் இருக்கும் உயிர்கள் சில மாதத்தில் முடித்திருக்கின்றன என்றால் அங்கே என்ன நடந்திருக்கும்?

இந்தக் கேள்வியை ரொம்பத் தீவிரமாகக் கேட்டது ஒரு ராணுவம். இரண்டாம் உலகப்போரில் பசிபிக்கில் சாலமன் தீவுப் பகுதியில் இருந்த அமெரிக்கப் படைக்கு, கூடாரத் துணியும் சீருடையும் கண்ணெதிரே மக்கிப்போவது பெரிய தலைவலியாக இருந்தது. மக்கிய கித்தான் துணியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பூஞ்சைக்கு கியூ.எம்.6ஏ என்று எண் போட்டு ராணுவ ஆய்வகத்தில் வளர்த்தார்கள். எல்வின் ரீஸ், மேரி மேண்டல்ஸ் இருவரும் அதை வைத்துப் பல ஆண்டுகள் வேலை செய்தார்கள். துணி மக்குவதைத் தடுக்கத் தொடங்கிய ஆராய்ச்சி, பிறகு செல்லுலோஸைச் சர்க்கரையாக்கும் ஆராய்ச்சியாக மாறியது. ரீஸின் பெயரையே அந்தப் பூஞ்சைக்கு வைத்தார்கள், டிரைக்கோடெர்மா ரீசி. உலகத்தில் தொழிற்சாலைகளுக்குப் போகும் செல்லுலேஸ் நொதியில் பெரும்பங்கு இன்றைக்கும் அதன் வழிவந்த ரகங்களிலிருந்துதான் வருகிறது. நமக்கு ரொம்ப தூரத்து விஷயமில்லை இது. திருப்பூரில் பனியன் துணிக்கு "பயோவாஷ்" பண்ணுகிறார்களே, அதில் துணியின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் பஞ்சு முடிகளை அறுத்து வழவழப்பாக்குவது செல்லுலேஸ் நொதிதான்.

ஒரு நொதியால் மட்டும் செல்லுலோஸ் உடைவதில்லை, குறைந்தது மூன்று வகை சேர்ந்து வேலை செய்கின்றன. ஒன்று, சங்கிலியின் நடுவில் இறுக்கம் குறைந்த இடம் பார்த்து வெட்டும். வெட்டியதும் புது முனைகள் கிடைக்கும். இரண்டாவது நொதி அந்த முனையைப் பிடித்துக்கொள்ளும். இதன் வடிவம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அதன் உடலுக்குள் ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது, சங்கிலியின் முனையை ஊசிக்காதில் நூல் நுழைவதுபோல அதற்குள் இழுத்துக்கொண்டு, இரண்டிரண்டு குளுக்கோஸாக வெட்டித் தள்ளியபடி படிகத்தின் மேல் நகர்ந்துகொண்டே போகும். ஜப்பானிய ஆய்வாளர்கள் அணுவிசை நுண்ணோக்கியில் இந்த நகர்வை நேரடியாகவே படம் எடுத்து 2011-ல் வெளியிட்டார்கள். நொதிகள் வரிசையாக ஒரே திசையில் ஊர்வதும், வழியில் ஒன்றின் பின்னால் ஒன்று மாட்டி நெரிசலாகி நிற்பதும்கூட அதில் தெரிந்தது. மூன்றாவது நொதி, வெட்டி விழுந்த இரட்டைகளைத் தனித்தனிக் குளுக்கோஸாக்கும். அதைப் பூஞ்சை உறிஞ்சிக்கொள்ளும், அக்கம்பக்கத்து பாக்டீரியாக்களும் சமயம் பார்த்து எடுத்துக்கொள்ளும். நொதிகளை உடம்புக்கு வெளியே கக்கிவிட்டு வெளியிலேயே செரிக்கிற உயிர்களுக்கு இது தவிர்க்க முடியாத இழப்பு.

இதோடு கதை முடிந்தது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 2010-ல் நார்வேயிலிருந்து ஒரு குழு வேறொரு நொதியைக் காட்டியது. தண்ணீரைக் கொண்டு வெட்டாமல் ஆக்சிஜனேற்றத்தால் வெட்டுகிற நொதி, நடுவில் ஒரு செம்பு அணு. படிகத்தின் இறுகிய மேற்பரப்பையே அதனால் கீறிவிட முடியும், மற்ற நொதிகள் அந்தக் கீறலில் நுழைந்துகொள்ளும். முதலில் அதைப் பார்த்தது நண்டு ஓட்டில் இருக்கும் கைட்டினை உடைக்கும் பாக்டீரியாவில், அப்புறம் செல்லுலோஸுக்கும் அதே வகை இருப்பது தெரிந்தது. காற்று வேண்டும் என்று மேலே சொன்னேனே, அது இங்கேயே தொடங்கிவிடுகிறது.

சரி, நார்த்தூளுக்கு வருவோம். அதில் செல்லுலோஸ் கால் பங்குதான். லிக்னின் 30 சதவீதம் வரை இருக்கிறது. சிக்கலே லிக்னினில்தான்.

செடி தன் செல் சுவரில் செல்லுலோஸ் இழைகளை அடுக்கி, இடையில் ஹெமிசெல்லுலோஸ் என்ற வேறு வகைச் சர்க்கரைச் சங்கிலிகளை நிரப்பி, கடைசியாக லிக்னினை ஊற்றி இறுக்குகிறது. லிக்னின் செய்யத் தேவையான மூலப்பொருள்கள் மூன்றே மூன்று சிறிய ஆல்கஹால்கள். அவற்றைச் செடி சுவருக்குள் அனுப்பி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு எலக்ட்ரானைப் பறித்துவிட்டு, பிறகு ஒதுங்கிக்கொள்கிறது. எலக்ட்ரான் இழந்தவை கண்டபடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒரே மாதிரி இணைப்பு கிடையாது, கார்பன்-ஆக்சிஜன் இணைப்பு ஒரு இடம், கார்பன்-கார்பன் இணைப்பு இன்னொரு இடம், எல்லாத் திசையிலும் கிளை. செல்லுலோஸுக்கு நொதி இருக்க முடிவதற்குக் காரணம், அதில் ஒரே பிணைப்பு ஆயிரக்கணக்கான தடவை திரும்ப வருகிறது, அதற்குப் பொருந்துகிற ஒரு குழி போதும். லிக்னினில் அப்படி ஒரே வடிவம் வரிசையாகத் திரும்பி வராது. எதற்குப் பொருத்தமாகக் குழி வெட்டுவது? அதோடு, பெரிய நொதிகள் இறுகிய சுவரின் துளைகளுக்குள் நுழையவும் முடியாது.

பூஞ்சைகள் இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்குத் தெரிந்த உயிரியல் விஷயங்களிலேயே மிக அழகானது. செடி எப்படி எலக்ட்ரானைப் பறித்து லிக்னினைக் கட்டியதோ, அதே மாதிரி எலக்ட்ரானைப் பறித்தே அதை அவிழ்ப்பது. 1983-ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள், கென்ட் கிர்க்கோடு மிங் டியென் ஒரு பக்கம், மைக்கேல் கோல்டின் குழு இன்னொரு பக்கம், ஃபேனெரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற வெண்ணழுகல் பூஞ்சையிலிருந்து லிக்னின் பெராக்சிடேஸ் என்ற நொதியைத் தனித்தனியாகக் கண்டெடுத்தார்கள். நம் ரத்தத்தில் இருப்பதுபோல இரும்பு பொதிந்த ஹீம் அதன் நடுவில் இருக்கிறது. பூஞ்சை வேறு நொதிகள் மூலம் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தயாரித்துக் கொடுக்க, இந்த நொதி அதை வாங்கிக்கொண்டு லிக்னினின் வளையத்திலிருந்து ஒரு எலக்ட்ரானை உருவிவிடும். அந்த வளையம் நிலைகொள்ளாமல் தானே எங்காவது உடையும். எங்கே உடையும் என்று நொதி தீர்மானிப்பதில்லை. மாங்கனீசு பெராக்சிடேஸ் என்ற இன்னொரு நொதி இன்னும் ஒரு படி மேலே போய், மாங்கனீசு அயனிகளை ஆக்சிஜனேற்றி அனுப்புகிறது. அயனி சின்னது, நொதி நுழையாத துளைக்குள் அது நுழைந்து வேலையை முடிக்கும். மூன்றாவது, லேக்கேஸ். செம்பு உள்ள நொதி, பெராக்சைடுகூட வேண்டாம், காற்றில் இருக்கும் ஆக்சிஜனே போதும். இதை 1883-லேயே யோஷிடா என்ற ஜப்பானியர் அரக்கு மரத்தின் பாலில் கவனித்து எழுதியிருக்கிறார், பூஞ்சைகளில் அதன் வேலை பின்னால் தெரியவந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இவ்வளவு பாடுபட்டும் லிக்னினிலிருந்து பூஞ்சைக்கு உருப்படியான தீனி கிடைப்பதில்லை, அதை மட்டுமே வைத்து அதனால் உயிர்வாழ முடியாது. லிக்னினை விலக்கினால் உள்ளே சர்க்கரை இருக்கிறது, அதற்காகத்தான் இந்தப் பாடு. நார்த்தூளில் இருக்கும் அந்தக் கால்பங்கு செல்லுலோஸே கூலி.

எல்லாப் பூஞ்சையும் இப்படி லிக்னினைத் தின்றுவிட்டு வெண்மையாக விட்டுவைப்பதில்லை. மழைச்சாரல் படுகிற பழைய மரக் கதவின் அடிப்பகுதி பழுப்பாகி, சதுரம் சதுரமாக வெடித்து, விரலால் அழுத்தினால் பொடியாவதைப் பார்த்திருப்பீர்கள். அது பழுப்பழுகல் பூஞ்சையின் வேலை. இரும்பையும் பெராக்சைடையும் சேர்த்து, கண்டதையெல்லாம் தாக்கும் ஹைட்ராக்சில் துகள்களை உருவாக்கிச் செல்லுலோஸை மட்டும் உருவிக்கொண்டு, லிக்னினைக் கிட்டத்தட்ட அப்படியே விட்டுவிடும். நார்த்தூளுக்கு அது உதவாது. நமக்கு வேண்டியது வெண்ணழுகல் கூட்டம். அந்தக் கூட்டத்தில் நம்மூர் சந்தையில் பொட்டலம் போட்டு விற்கிற சிப்பிக்காளானும் ஒன்று!

பூஞ்சை இருந்தும் குவியல் ஏன் அப்படியே கிடக்கிறது என்பதற்குத் தேங்காய் மட்டையே பதில் வைத்திருக்கிறது. கேரளத்துக் காயல்களிலும் கன்னியாகுமரிக் கரையோரத்திலும் மட்டையை ஊறப்போடும் பழக்கம் பல தலைமுறையாக உண்டு. வலையில் கட்டி, உப்பும் நன்னீரும் கலந்த காயலில் அமுக்கி, மேலே சேறு போட்டு ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை விட்டுவிடுவார்கள். காற்றில்லாத அந்தச் சேற்றில் பாக்டீரியாக்கள் நாரையும் தூளையும் ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைத் தின்கின்றன, தண்ணீர் கறுத்து முட்டை அழுகிய வாடை வீசும். கடைசியில் மட்டையை எடுத்துத் தட்டினால் நார் பொன்னிறத்தில் பிசிறில்லாமல் பிரிந்து வரும். ஒரு வருஷம் நுண்ணுயிர்கள் மண்டிய சேற்றுக்குள் கிடந்த நார், கயிறாகத் திரிக்கிற அளவுக்கு உறுதியாக இருப்பது எப்படி? லிக்னினை உடைக்கும் நொதிகளுக்கு ஆக்சிஜன் வேண்டும், சேற்றில் ஆக்சிஜன் இல்லை. அந்தக் கயிற்றுத் தொழில் முழுக்க அந்த ஒரு இல்லாமையை நம்பித்தான் நடந்திருக்கிறது.

நெய்வேலியில் வெட்டி எடுக்கிற பழுப்பு நிலக்கரியும் அப்படித்தான். லிக்னினைத் தின்னும் பூஞ்சைகள் உலகத்தில் தோன்றி நெடுங்காலம் ஆன பிறகு, சில கோடி ஆண்டுகளுக்கு முன் வளர்ந்த காடு அது. தின்னத் தெரிந்தவர்கள் இருந்தும், சதுப்பில் அமிழ்ந்ததால் தின்ன முடியாமல் போய்விட்டது.

வேல்ஸ் பகுதிக் கரிச்சதுப்புகளை ஆராய்ந்த கிறிஸ் ஃபிரீமன் குழு 2001-ல் இதில் இன்னொரு முடிச்சையும் காட்டியது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பீனால் சேர்மங்கள் உடையாமல் தேங்குகின்றன, தேங்கிய பீனால்கள் மற்ற நொதிகளையும் முடக்கிவிடுகின்றன. அதாவது ஒரு நொதி நின்றால் மொத்தமும் நின்றுவிடுகிறது. நார்த்தூள் குவியலுக்குள் நடப்பதும் இதுதான் என்று நான் நினைக்கிறேன். மழையில் ஊறி, தன் பாரத்தாலேயே அமுங்கி, உள்ளே காற்று புகாமல் கிடக்கிறது. அடியில் கசிகிற செம்பழுப்புத் தண்ணீர் முழுக்க டேனின் போன்ற பீனால் சேர்மங்கள். அது கிணற்றுக்குள் இறங்கினால் கிணற்றுத் தண்ணீரின் நிறமே மாறிவிடும், எங்கள் பகுதியில் இது உண்மையான துயரம், மில்லுக்குப் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். குவியலின் மேல்புறத்தில் காற்று இருக்கிறது, ஆனால் வெயிலில் காய்ந்து ஈரமில்லை. உள்ளே ஈரம் இருக்கிறது, காற்று இல்லை. எங்குமே போதுமான நைட்ரஜன் இல்லை.

இந்த நைட்ரஜன் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் நிலத்தில் நடக்கிற பாதித் தவறுகள் இது புரியாததால் வருபவை. நுண்ணுயிரின் உடலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு எட்டுப் பங்கு போலக் கார்பன் இருக்கும். அந்த எட்டுப் பங்கை உடலில் சேர்க்க, சுமார் பதினாறு பங்கு கார்பனை எரித்துச் சக்தியாக்க வேண்டும். ஆக, 24 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் உள்ள தீனி கிடைத்தால் அதற்குச் சரியாக இருக்கும். பச்சை நார்த்தூளில் இந்த விகிதம் 112-க்கு 1. அதை அப்படியே கொண்டுபோய் வயலில் கொட்டினால், பற்றாத நைட்ரஜனை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், பயிர் வெளிறி நிற்கும். மெஷின் அறுவடைக்குப் பிறகு வைக்கோலை மடக்கி உழுதுவிட்டு உடனே நட்டால் இளம்பயிர் மஞ்சளாவதும் பெரும்பாலும் இதே காரணத்தால்தான். உடனே பூச்சிமருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள், பாவம்.

கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லிக்கொடுக்கிற முறை இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். ஒரு டன் நார்த்தூளுக்கு ஐந்து கிலோ யூரியா, ஐந்து பாட்டில் சிப்பிக்காளான் வித்து. நிழலில் நூறு கிலோ தூளைப் பரப்பி ஒரு பாட்டில் வித்தைத் தூவ வேண்டும், மேலே இன்னொரு நூறு கிலோ தூள், அதன்மேல் ஒரு கிலோ யூரியா, மறுபடி தூள், அதன்மேல் வித்து, இப்படியே ஒரு மீட்டர் உயரம் வரை. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் என்பதால் ஐந்து கிலோவில் 2.3 கிலோ கிடைக்கும். ஒரு டன் தூளில் ஏற்கெனவே இருப்பதே 2.6 கிலோதான், அதாவது இருப்பைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்குகிறோம். மக்கி முடித்தபின் லிக்னின் 30 சதவீதத்திலிருந்து 5-க்கும் கீழே இறங்கிவிடும், கார்பன்-நைட்ரஜன் விகிதம் 112-லிருந்து 24-க்கு வந்துவிடும் என்பது பல்கலைக்கழகத்தின் அளவீடு. மேலே சொன்ன அதே 24.

நாங்கள் தென்னைகளுக்கு நடுவில், மதிய வெயில் படாத இடமாகப் பார்த்து இதைப் போடுகிறோம். நனைப்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. ஒரு கைப்பிடி தூளை எடுத்து இறுக்கினால் விரல் இடுக்கில் ஈரம் மினுங்க வேண்டும், சொட்டுச் சொட்டாக ஒழுகக் கூடாது. நார்த்தூள் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், போதும் என்று காட்டாது, அதனால் கொடுப்பவர்தான் நிறுத்த வேண்டும். சில வாரம் கழித்து ஓர் ஓரத்தில் மேலடுக்கை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். வித்தாகப் போட்ட சோளத்தின் ஒவ்வொரு மணியைச் சுற்றியும் வெள்ளையாகப் பஞ்சு கட்டியிருக்கும். அதிலிருந்து இழைகள் கிளம்பித் தூளுக்குள் ஓடும். இழை ஓடிய பாதையில் தூளின் செம்பழுப்பு வெளிறியிருக்கும், ஓடாத இடம் பழையபடி இருக்கும், இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டதுபோல எல்லை தெரியும். கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பு. முகர்ந்தால் காளான் வாசம். அந்த வெளிறிய பகுதியைக் கையில் எடுத்துப் பார்க்கிறபோது, மேலே எழுதிய எலக்ட்ரான், பெராக்சைடு, மாங்கனீசு எல்லாம் இந்த அரை அங்குல அகலத்துக்குள் இப்போது நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ஒவ்வொரு தடவையும் மனசு நிறைந்துபோகும்.

இந்தக் கட்டத்தில் குவியலைக் கிளறாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். அடிக்கடி புரட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், காற்றோட்டத்துக்கு நல்லதும்கூட. ஆனால் இழை ஓடிக்கொண்டிருக்கும்போது புரட்டினால் அத்தனையும் அறுந்துவிடும், முழுக்க வெண்மை பரவிய பிறகு புரட்டினால் போதும். உயரத்தை ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றாமல் இருந்தாலே காற்று ஓரளவு போய்க்கொண்டிருக்கும்.

யூரியாவைக் கூட்டினால் வேகமாக மக்குமா என்று எல்லாருமே கேட்கிறார்கள். கூட்டக் கூடாது. 1983-ல் பார்த்த அந்தப் பூஞ்சை, நைட்ரஜன் தீர்ந்து பட்டினி கிடக்கும்போதுதான் லிக்னின் நொதியைச் சுரக்கத் தொடங்கும். தாராளமாக நைட்ரஜன் கொடுத்தால் சுரக்காது. எல்லா வெண்ணழுகல் பூஞ்சையும் அவ்வளவு கண்டிப்பு இல்லை, என்றாலும் காடுகளில் பல ஆண்டுகள் நைட்ரஜன் தூவிப் பார்த்த சோதனைகளிலும் லிக்னின் உடைவது குறைந்ததைப் பார்த்திருக்கிறார்கள். வளர நைட்ரஜன் வேண்டும், அதிகமானால் இந்த வேலையை விட்டுவிடும், இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் அந்த ஐந்து கிலோ. தெரிந்த தோட்டக்காரர் ஒருவர் நல்லது நடக்கட்டும் என்று ஒரு குவியலுக்கு அரை மூட்டைக்கு மேல் போட்டுவிட்டார். கிட்டே போனால் அமோனியா கண்ணை எரித்தது, பணம் காற்றில் போய்க்கொண்டிருந்தது, வெள்ளை இழை ஒன்றைக்கூடக் காணவில்லை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். டிரைக்கோடெர்மா விரிடி இப்போது எல்லா வேளாண் கடையிலும் கிடைக்கிறது, நல்ல பொருள், வேரழுகலுக்குப் போடுகிறோம். நிறைய நுண்ணுயிர் போட்டால் நிறைய மக்கும் என்று அதையும் காளான் வித்தோடு சேர்த்துத் தூவுகிறார்கள். டிரைக்கோடெர்மாவின் தொழிலே மற்ற பூஞ்சைகளைத் தாக்குவது, அவற்றின் கைட்டின் சுவரை உடைக்க அதனிடம் தனி நொதிகள் இருக்கின்றன. காளான் பண்ணைக்காரர்கள் பயப்படுகிற பச்சைப்பூசணம் இதே குடும்பம்தான். காளான் தன் வேலையை முடித்து, லிக்னின் விலகி, செல்லுலோஸ் வெளியே தெரிகிற நிலையில் டிரைக்கோடெர்மாவைச் சேர்த்தால் அதற்கும் வேலை இருக்கும், உரத்துக்கும் மதிப்பு கூடும். முதல் நாளே சேர்த்தால் இரண்டும் சண்டை போட்டுக்கொள்ளும், நார்த்தூள் தப்பித்துவிடும்.

முறையை முறையாகச் செய்து, குவியல் கறுத்து, இறங்கி, கையில் பிழிந்தால் வருகிற தண்ணீரின் செந்நிறம் போய், மழை பெய்த மண்ணின் வாசம் வந்துவிட்டால் தயார். அந்த வாசம் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற பாக்டீரியாக்கள் விடுகிற ஜியாஸ்மின். பூஞ்சை ஆரம்பித்து வைத்ததை அவை கடைசியில் வந்து முடித்து வைக்கின்றன.

அப்புறம் அது மண்ணில் போய் என்ன ஆகிறது? ரொம்ப காலமாகப் பாடப்புத்தகங்களில் இருந்த பதில், லிக்னின் எளிதில் உடையாததால் அதன் மிச்சமே மட்காக மண்ணில் தங்குகிறது என்பது. ஸ்ட்ரெப்டோமைசினுக்காக 1952-ல் நோபல் பரிசு பெற்ற செல்மன் வாக்ஸ்மன் முதலில் மண்ணுயிரியல்காரர், லிக்னினும் புரதமும் சேர்ந்துதான் மட்கு உருவாகிறது என்று எழுதியவர். இப்போது பார்வை மாறியிருக்கிறது. லிக்னின் முதலில் சண்டித்தனம் செய்தாலும், காற்றுள்ள மண்ணில் சில ஆண்டுகளிலிருந்து சில பத்தாண்டுகளுக்குள் அதுவும் கரைந்துதான் போகிறது. நெடுங்காலம் தங்குகிற கார்பனில் கணிசமான பகுதி, தின்றுவிட்டுச் செத்த நுண்ணுயிர்களின் உடல் மிச்சங்களும் அவற்றின் சுரப்புகளும் களித்துகள்களில் ஒட்டிக்கொண்டு மறைவாகத் தங்குவது. யோஹன்னஸ் லேமனும் மார்க்குஸ் க்ளேபரும் 2015-ல் எழுதிய ஆய்வுக்கட்டுரை மட்கு பற்றிய பழைய பார்வையைக் கைவிட வேண்டும் என்று அழுத்தமாக வாதிட்டது. இன்னும் விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் எனக்கு இது சரியாகவே படுகிறது.

அப்படியென்றால் மக்காத பொருளைக் கொட்டி மண்ணை வளமாக்க முடியாது. தின்கிறவர்கள் நிறையத் தின்று, பெருகி, செத்து, களியில் ஒட்டினால்தான் மண்ணில் எதுவும் சேரும். கரிசல் மண்ணில் களி அதிகம், ஒட்ட இடம் இருக்கிறது. எங்கள் தோட்டம் செம்மண், களி குறைவு, அதனால் ஒரு வருஷம் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடிவதில்லை. ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி மழைக்கு முன்னால் மக்கிய நார்த்தூளைத் தென்னை வட்டப்பாத்தியில் போட்டு, மேலே காய்ந்த ஓலையும் பாளையும் வெட்டிய களையும் மூடாக்காகப் பரப்புகிறோம், மழை விட்ட பிறகு ஓலையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் வெள்ளை இழை ஓடியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஓடாத மரத்தடிகளில் மூடாக்கைத் தளர்த்திவிட்டு, கொஞ்சம் சாணக்கரைசல் ஊற்றுகிறோம்.